மிக்ஸட் மீடியா உருவப்படம்: 'கலப்பு ஊடகம்' போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய அட்டை, செய்தித்தாள், தகரம், கிழிந்த துணி இவற்றின் மேல் கரியும் மையும் அக்ரிலிக்கும் கொண்டு முகங்களை வரைகிறார்களே, ஆங்கிலத்தில் 'மிக்ஸட் மீடியா' எனப்படும் அந்த வகைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் 'கலப்பு ஊடக ஓவியம்' என்றும் 'மறுசுழற்சி ஓவியம்' என்றும் இதுவரை பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம்.

ஊடகம் என்றதும் இன்று செய்தியும் தொலைக்காட்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. 'பல்லூடகம்' கணினித் துறையில் நிலைத்துவிட்டது. சரி, பழகினால் இது சரியாகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். 'கலப்பு' அப்படிச் சரியாகாது. நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை வரும். அதற்குப் பிறகு நீலத்தைத் தனியே காட்ட முடியாது. இந்த ஓவியங்களில் நடப்பதோ நேர்மாறு. 1912இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டிச் சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். அந்தக் கயிறு கயிறாகவே தெரிகிறது. கன்னத்து நிழலுக்குச் செய்தித்தாளை ஒட்டும் ஓவியரும், தோலுக்கு அடியில் அச்செழுத்து தெரியட்டும் என்றுதான் ஒட்டுகிறார்.

ஆகவே என் பரிந்துரை 'கதம்ப ஓவியம்'. கதம்பத்தில் மல்லிகை மல்லிகையாகவும் மரிக்கொழுந்து மரிக்கொழுந்தாகவும் இருக்கின்றன. கட்டியது ஒரே சரம். கண்டதையும் சேர்த்தது என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு என்று மறுப்பு வரலாம். ஜெர்மன் ஓவியர் குர்ட் ஷ்விட்டர்ஸ் குப்பையில் பொறுக்கிய சீட்டுகளையும் கம்பிகளையும் கொண்டு செய்த படைப்புகளுக்கு 1919இல் 'மெர்ட்ஸ்' என்று பெயர் வைத்தார். ஒரு விளம்பரத் துண்டில் இருந்த 'கொமெர்ட்ஸ்' (வணிகம்) என்ற சொல்லிலிருந்து வெட்டியெடுத்த அசை அது. இந்தக் கலைக்கு மிடுக்கான பெயர் தேவைப்பட்டதே இல்லை. தனித்தமிழ்தான் வேண்டும் என்போருக்கு 'இணைபொருள் ஓவியம்' இருக்கிறது. எனக்கு அது இரண்டே பொருள்கள் என்ற எண்ணத்தைத் தருகிறது. துண்டுகளை ஒட்டிச் செய்யும் கொலாஜுக்கு நாம் வைத்திருக்கும் 'ஒட்டோவியம்' அப்படியே இருக்கட்டும். ஒட்டாமல், கரிக்கோட்டின் மேல் வண்ணம் தீட்டினாலும் அது மிக்ஸட் மீடியாதான் என்பதால் அச்சொல் இங்கே போதாது.

அடுத்தது மறுசுழற்சி. அட்டையைக் கூழாக்கி மீண்டும் அட்டை செய்தால் அது மறுசுழற்சி. ஒட்டுநாடாத் தடம் மாறாமல் அப்படியே எடுத்து வரைந்தால் அது 'மறுபயன்'. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் ஓவியர் செய்த வேலையே மறைந்துபோகிறது.

இன்னொரு வேறுபாட்டையும் நம் சொற்கள் காட்ட வேண்டும். பிரேசில் கலைஞர் விக் முனிஸ் 2008இல் ரியோ டி ஜனீரோவின் ஜார்திம் கிராமாச்சோ குப்பைக் கிடங்கில் வேலை செய்தவர்களின் உருவங்களை, அங்கே சேர்ந்த பொருள்களைப் பரப்பியே உருவாக்கிப் படமெடுத்தார். அங்கே கழிவுதான் வண்ணம். அட்டையில் வரையும்போது கழிவு அடியில் இருக்கிறது. ஓவியத்தைத் தாங்கும் அந்த அடிப்பரப்புக்கு 'ஏந்துதளம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

அதன் மேல் போடும் பூச்சுக்கும் ஒரே சொல் போதாது. சாதாரண அட்டையில் லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் இருப்பதால் நாளடைவில் பழுப்பேறி நொறுங்கும். நேரடியாக எண்ணெய் வண்ணம் தீட்டினால் எண்ணெயை உறிஞ்சி நார்கள் கெடும். அதைத் தடுக்கப் பூசுவது 'அடைப்புப் பூச்சு'. ஒரே பக்கம் பூசினால் அட்டை வளையும் என்பதால் இரு பக்கமும் பூசுவார்கள். அதற்கு மேல் வண்ணம் பிடிக்கப் பூசும் ஜெஸ்ஸோவை 'அடிப்பூச்சு' எனலாம். ஆனால் வெள்ளை ஜெஸ்ஸோ எல்லாவற்றையும் மூடிவிட்டால் பழைய அட்டையைத் தேர்ந்ததற்கே பொருளில்லை. பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லொத்ரெக் அட்டையின் பழுப்பைப் பல இடங்களில் வெறுமனே விட்டு, அதையே வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நடுநிறமாக்கினார். அப்படிச் செய்ய விரும்புவோர் நிறமற்ற பூச்சைத் தேடுவார்கள். ஆகவே 'தெளிபூச்சு' என்ற சொல்லும் பட்டியலில் வேண்டும்.

போர்ட்ரெய்ட்டுக்கு 'உருவப்படம்' நன்றாகவே இருக்கிறது; மாற்ற வேண்டாம். அப்புறம், காட்சிக்கூடக் குறிப்பில் வகைப்பெயரோடு நின்றுவிடாமல் பொருள்களையும் எழுத வேண்டும்: 'கதம்ப உருவப்படம். மறுபயன் அட்டையில் செய்தித்தாள், கரி, அக்ரிலிக்.' மாற்றுச் சொல் இருப்பவர்கள் அதை இதே குறிப்பில் பொருத்தி எழுதிக் காட்டினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.