கிர்கிஸ்தான் எம்.பி.பி.எஸ்: ஹவுஸ் சர்ஜன் பயிற்சி இங்கேயே பண்ணிக்கலாம் என்கிறார் ஏஜென்ட், சரியா?

மன்னார்குடியான்:
எல்லாருக்கும் வணக்கம். மகள் நீட் பாஸ். ஆனால் அந்த மார்க்குக்கு கவர்மென்ட் சீட் கிடைக்காது. கும்பகோணத்தில் ஒரு ஏஜென்ட், "நாலரை வருசம் அங்கே, ஹவுஸ் சர்ஜன் தஞ்சாவூரிலேயே, நடுவில் ஒரு பரீட்சை, அவ்வளவுதான்" என்கிறார். இந்த வாரமே அட்வான்ஸ் கேட்கிறார். விதி என்ன சொல்கிறது?

வெண்ணாறு:
அட்வான்ஸை நிறுத்தி வைங்க சார். நாலரை வருசம் என்பது பாதி உண்மை. 2021 நவம்பர் 18-ல் என்.எம்.சி. (தேசிய மருத்துவ ஆணையம்) அறிவித்த விதிப்படி படிப்பு மட்டுமே குறைந்தது 54 மாசம். அதுக்கு மேல 12 மாசம் இன்டர்ன்ஷிப், அதையும் அதே காலேஜில்தான் முடிக்கணும். இங்கே செய்யிற ஹவுஸ் சர்ஜன் 12 மாசம் தனி. ஏஜென்ட் நடுவுல இருக்கிற ஒரு வருசத்தை முழுங்கிட்டார்.

வகுப்பு ஆங்கிலத்துல நடக்கணும். சேர்ந்த நாளிலிருந்து 10 வருசத்துக்குள்ள முடிக்கணும். பாதியில வேற யூனிவர்சிட்டிக்கு மாறக்கூடாது. ரெண்டாம் வருசம் பிள்ளைகளைக் கூட்டமா வேற காலேஜுக்கு மாத்திவிடுற ஏஜென்ட்கள் உண்டு, மாட்டுறது பிள்ளைங்கதான். பிலிப்பைன்ஸ்ல பலர் சிக்கினதும் மாசக் கணக்குலதான்: அங்கே எம்.டி. (நம்ம எம்.பி.பி.எஸ். மாதிரி) 4 வருசம், அதாவது 48 மாசம். அதுக்கு முன்னாடி படிக்கிற பி.எஸ். பட்டம் கணக்குல வராது.

எல்லாத்தையும் விட முக்கியம், அந்த நாட்டுக்காரருக்குக் கிடைக்கிற அதே டாக்டர் லைசென்ஸ் உங்க பிள்ளைக்கும் கிடைக்கணும். பட்டம் மட்டும் போதாது. இதையும் மாசக் கணக்கையும் யூனிவர்சிட்டி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்க. "என்.எம்.சி. அப்ரூவ்டு" என்று நோட்டீஸில் போட்டிருந்தா நம்பாதீங்க; வெளிநாட்டு காலேஜுக்கு அப்படி அப்ரூவல் பட்டியலே கிடையாது.

கோரையாறு:
"நடுவில் ஒரு பரீட்சை" என்பதைப் பற்றி. நெக்ஸ்ட் என்ற புதிய பொதுத் தேர்வு வரும்வரை எழுத வேண்டியது எஃப்.எம்.ஜி.இ., அதாவது வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை, 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், நெகட்டிவ் மார்க் இல்லை. கேட்க சுலபம். 2024 ஜூன் தேர்வில் தேறியவர்கள் சுமார் 21 சதவீதம்தான்.

தோற்பதற்கு ஒரு காரணம் கேள்விகளின் பங்கீடு. சமூக மருத்துவத்தில் மட்டும் 30 கேள்வி. அதில் வருவது நம் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் கட்டமைப்பு. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் இதை யார் நடத்துவார்கள்? தடயவியல் 10 கேள்வி, அதிலும் இந்தியச் சட்டம். 2024 ஜூலையிலிருந்து ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் பழைய நோட்ஸ் உதவாது. இந்த 40 கேள்வியையும் முதல் வருடத்திலிருந்தே இந்தியப் புத்தகத்தில் படிக்க வேண்டும்.

பாஸானதும் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, பிறகு ஹவுஸ் சர்ஜன். தஞ்சாவூர் இடத்தை ஏஜென்ட் வாக்குக் கொடுக்கவே முடியாது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு 2022-ல் என்.எம்.சி. வைத்த வரம்பு, காலேஜின் சீட்டில் 7.5 சதவீதம். தஞ்சாவூரில் 150 சீட் என்றால் 11 பேர்.

நிரந்தரப் பதிவு வரும்வரை ஊர் கிளினிக்கில் "டூட்டி டாக்டர்" வேலை வேண்டாம். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

ஏட்டுச்சுவடி:
பேப்பர் விஷயம் யாரும் சொல்லவில்லை. நம் இனிஷியல்தான் பெரிய தலைவலி. பத்தாவது மார்க் ஷீட்டில் "ஹரிணி எஸ்", பாஸ்போர்ட்டில் "ஹரிணி செல்வராஜ்". அங்கே பேப்பரில் போடும் ரஷ்ய எழுத்தில் 'ஹ' கிடையாது, 'க்ஹ' மாதிரி ஒரு எழுத்தைப் போடுவார்கள். அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது டிப்ளமாவில் "க்ஹரிணி" ஆகிவிடும். டிப்ளமா அச்சாவதற்கு முன்பே டீன் ஆபீஸில் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து எழுத்துக் கூட்டலைச் சரிபார்த்தால் ஒரு நாள் வேலை. ஊருக்கு வந்தபின் என்றால் அஃபிடவிட், யூனிவர்சிட்டிக் கடிதம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அப்போஸ்டில் முத்திரையையும் (ஆவணம் அசல் என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் முத்திரை) அங்கேயே வாங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். வகுப்பில் நேரில் இருந்ததற்கு அதிலுள்ள வருகை, புறப்பாடு முத்திரைதான் சாட்சி.

மன்னார்குடியான்:
ரொம்ப நன்றி. ஏஜென்டிடம் லைசென்ஸ் கடிதத்தைக் கேட்டேன். "அதெல்லாம் கடைசி வருசம் தருவாங்க" என்கிறார்.

வெண்ணாறு:
கடைசி வருசம் வர்றது உங்க பிள்ளையோட லைசென்ஸ். நீங்க கேட்கிறது காலேஜோட கடிதம், அது இன்னைக்கே மெயில்ல வரணும். யூனிவர்சிட்டியின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு நீங்களே நேரா எழுதுங்க, அவரை விட்டுடுங்க. நீட் மார்க் மூணு வருசம் செல்லும், இந்த வாரமே கட்டணும்னு ஒன்னும் அவசரம் இல்லை.