ஊர்ப் புறம்போக்கில் காடு வளர்க்க கம்பெனி பணம் தருகிறது, கார்பன் கணக்கு அவர்களுக்காம். ஒப்புக்கொள்ளலாமா?

கண்மாய்க்கரை:
எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். ஊருக்கு வடக்கே ஐந்து ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு, முழுக்க சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு நாட்டு மரம் வைத்து ஊர்க்காடாக வளர்க்கலாம் என்று வெளியூரில் வேலை பார்க்கும் நாங்கள் பத்துப் பேர் இரண்டு வருடமாகப் பேசுகிறோம், பணம்தான் சேரவில்லை. இப்போது எங்களில் ஒருவர் வேலை செய்யும் கம்பெனி, கரிமூட்டம் போடுகிறவரை வைத்து இடத்தைச் சுத்தம் செய்து, 5,000 கன்றுகள் வாங்கி ஒரே நாளில் நட்டுத் தருகிறோம் என்கிறது. பதிலுக்கு, அந்தக் காடு இழுக்கும் கரியமிலவாயுவை அவர்களுடைய ஜெனரேட்டர் புகை, விமானப் பயணக் கணக்கில் கழித்துக்கொள்ள ஊராட்சித் தலைவர் 30 வருடத்துக்கு ஒரு கடிதம் தர வேண்டுமாம். எனக்கு இதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னால், இதைச் செய்து பார்த்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

செம்மண்காடு:
புதுக்கோட்டைப் பக்கம் நாங்கள் மூன்று ஏக்கரில் செய்தோம் தம்பி. 2015 ஐப்பசியில் நட்டோம், நன்கொடையாக வந்த பணம் மொத்தமும் கன்றுக்கும் குழிக்கும் போய்விட்டது, நடவு நாளில் ஊரே திருவிழா மாதிரி இருந்தது. அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் குச்சி. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, அதற்குக் காசும் ஒதுக்கவில்லை. அப்புறம்தான் புத்தி வந்து ஊரிலேயே ஒரு அக்காவுக்கு மாதக் கூலி பேசினோம். அவர் காய்ந்த குச்சி ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்ப்பார். தோலுக்கு அடியில் துளி பச்சை தெரிந்தால் ஒரு குடம் ஊற்றிவிட்டு, தூரைச் சுற்றிச் சருகு போட்டு மூடிவிட்டு அடுத்ததற்குப் போவார். செத்துவிட்டது என்று நாங்கள் கைவிட்ட புங்கனும் நாவலும் அப்படித்தான் பிழைத்தன. இன்றைக்கு அங்கே காடு என்று ஒன்று இருந்தால் அந்த அக்கா கையால் வந்தது.

2018 நவம்பர் 16 கஜா புயலில் வேகமாக வளர்ந்திருந்த மரங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. மறுபடி நட்டோம். 30 வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அந்த விழுந்த மரங்களுக்கு யார் பதில் சொல்வது? அதனால் பணத்தை வாங்குங்கள், ஆனால் பாதிக்கு மேல் முதல் மூன்று வருடத்துத் தண்ணீருக்கும் காவலுக்கும் என்று எழுதி வாங்குங்கள். கன்றுதான் இதில் மிக மலிவான சாமான். 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியதிலிருந்து வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் நிறையவே வளர்க்கிறார்கள், அங்கே கேட்டுப் பாருங்கள்.

எடைக்கல்:
கணக்கை மட்டும் சொல்கிறேன். மரத்தின் காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கரி, அதாவது கார்பன். ஒரு கிலோ கரி என்றால் 3.67 கிலோ கரியமிலவாயு. வேரோடு சேர்த்து 100 கிலோ காய்ந்த எடை உள்ள மரம் அது வரை வளர்ந்ததில் 183 கிலோ கரியமிலவாயுவை இழுத்திருக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ வெளியே வரும், ஆக ஒரு மரம் என்பது 68 லிட்டர் டீசல். 5,000-இல் 2,000 மரம் பிழைத்து, 15 வருடத்தில் அந்த எடைக்கு வந்தாலும் (உங்கள் மண்ணுக்கு இது தாராளமான கணக்கு) வருடத்துக்கு 24 டன்தான் தேறும். நாளைக்கு 250 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுக்கும் ஒரே ஒரு டவுன் பஸ் வருடத்துக்கு 49 டன் விடுகிறது. ஐந்து ஏக்கர் காடு அரை பஸ்ஸுக்குக்கூடக் காணாது. அந்தக் கம்பெனி இன்றைக்கு விட்ட புகையை இன்றைக்கே கழித்துக்கொள்ளும், உங்கள் மரம் 15 வருடம் கழித்துத்தான் ஈடு செய்யும்.

இன்னொன்று, இதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அங்கே நிற்கிற சீமைக்கருவேலத்திலும் கரி இருக்கிறதே! அதை வெட்டி மூட்டம் போட்டு, வருகிற அடுப்புக்கரியும் எரிந்தால் அத்தனையும் காற்றுக்குப் போகும். அந்தக் கடனை அடைத்த பிறகுதான் புதுக் காட்டின் கணக்கே ஆரம்பிக்கும். ஒரே மூச்சில் மொட்டையடிக்காமல் பட்டை பட்டையாக எடுத்து, எடுத்த இடத்தில் நட்டு, அந்த நிழலையும் பயன்படுத்திக்கொண்டே போங்கள்.

முறைப்படி கார்பன் வரவு (இழுத்த கரியமிலவாயுவுக்கான கிரெடிட்) விற்பதென்றால் வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு மாதிரி அமைப்புகளில் பதிந்து, வெளியாள் வந்து அளந்து, புயல், தீ என்று இழப்பு வந்தால் ஈடுகட்ட ஒரு பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். ஐந்து ஏக்கருக்கு அந்தச் செலவு கட்டாது. டிஸ்ட் என்ற திட்டத்தில் தமிழ்நாட்டிலும் சிறு விவசாயிகள் பல பேர் குழுவாகச் சேர்ந்து தங்கள் மரங்களைப் பதிந்திருக்கிறார்கள், அதன் வழி வேறு. உங்களிடம் கேட்பது வெறும் கடிதம். ‘இந்தக் காட்டுக்கு இவர்கள் பண உதவி செய்தார்கள்’ என்று எழுதிக் கொடுங்கள், அது உண்மை. ‘புகையை ஈடு செய்தார்கள்’ என்று எழுதாதீர்கள்.

கிடைபோடுகிறவன்:
அண்ணே, மேய்ச்சல் புறம்போக்கு என்கிறீர்கள், அங்கே மேய்க்கிறவர்களைக் கேட்டீர்களா? கோடையில் வேறு தீனி இல்லாதபோது எங்கள் ஆடுகள் சீமைக்கருவேல நெத்தைத் தின்றுதான் நிற்கின்றன. ஐந்து ஏக்கரையும் வேலி போட்டு அடைத்தால் நாங்கள் எங்கே போக? ஒரு பக்கம் ஒன்றரை ஏக்கர் திறந்து விடுங்கள், கண்மாய்க்குத் தண்ணிக்குப் போகும் பாதையை அடைக்காதீர்கள், காவல் கூலியை மேய்க்கிற குடும்பத்துக்கே கொடுங்கள். அப்படிச் செய்தால் ஒரு ஆடு உள்ளே போகாது, நான் பொறுப்பு.

அப்புறம், தலைவர் ஐந்து வருடத்துக்குத்தான் இருக்கிறார், நிலம் வருவாய்த்துறைப் பதிவில் இருக்கிறது, அவர் எப்படி 30 வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார்? கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டுவிட்டு தாசில்தாரைப் பாருங்கள். புளி, நாவல் மகசூலை யார் எடுப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் புளியமரத்துக்கு 2சி பட்டா, அதாவது அரசு நிலத்து மரத்தின் பலனை எடுத்துக்கொள்ளும் மரப்பட்டா, வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் நன்றி. மேய்க்கிறவர்களைக் கேட்க வேண்டும் என்று இரண்டு வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அது எங்கள் தப்புதான். நேற்று ஊருக்குப் போன் போட்டு மூன்று கிடைக்காரர்களிடமும் பேசினேன், தென்பக்கத்தைத் திறந்து விட்டால் சம்மதம் என்கிறார்கள். கம்பெனியிடம் 1,500 கன்று போதும், மீதிப் பணத்தை மூன்று வருடக் கூலியாகத் தாருங்கள், கடிதத்தில் ஈடு என்ற சொல் வராது என்று எழுதி அனுப்பிவிட்டோம். இன்னும் பதில் வரவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கப் போகிறோம், அது வரைக்கும் கரிமூட்டக்காரரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.