குரோம் படிகாரம்: ஊதாவுக்குப் பதில் பச்சை, படிகமும் விழவில்லை

சோதனைக்குழாய்:
குரோம் படிகாரம் (பொட்டாசியம் குரோமியம் சல்பேட்டின் ஊதாப் படிகம்) செய்யப் பார்த்தேன்: பொட்டாசியம் டைகுரோமேட் 10 கிராம், தண்ணீர் 75 மி.லி., அடர் கந்தக அமிலம் 8 மி.லி. இதில் எத்தனால் 8 மி.லி.யை மொத்தமாக ஊற்றியதும் கொதித்துக் கரும்பச்சையாகிவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்தும் படிகம் இல்லை, அடியில் பாகுதான். டைகுரோமேட் மிச்சமிருக்கிறதா? காப்பாற்ற வழி உண்டா?

எண்முகி:
வினை அநேகமாக முடிந்திருக்கும். கெடுத்தது சூடு. டைகுரோமேட்டில் இருக்கும் குரோமியம்(VI)ஐ எத்தனால் குரோமியம்(III) ஆக்குகிறது; அந்த அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளும் இருந்தால்தான் ஊதா. 60 டிகிரியைத் தாண்டினால் சில நீர் கழன்று அந்த இடத்தில் சல்பேட் ஏறிக்கொள்ளும், அது பச்சை. படிகாரக் கட்டமைப்பில் பச்சை அயனி உட்காராது, அதனால்தான் பாகு.

கொட்டிவிடாதீர்கள். குரோமியம்(III) ஈனிகளை (தன்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் மூலக்கூறு, அயனிகளை) மாற்றுவதில் மகா சோம்பேறி. நீர் திரும்ப நுழைய நாட்கள், சமயத்தில் வாரங்கள் ஆகும். குளிரில் இன்னும் தாமதம். எனவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, வடிதாளால் மூடி வெளியே வையுங்கள். ஊதா திரும்பியதும் விதைப் படிகம் (மற்றவை மேலே வளரத் தொடங்க ஒரு சிறு படிகம்) ஒன்று போடுங்கள். அவசரப்பட்டு அடுப்பில் வற்ற வைத்தால் மறுபடி பச்சைதான்.

அடுத்த முறை அமிலம் சேர்த்ததும் ஐஸில் நன்றாக ஆறவிடுங்கள். எத்தனால் கணக்குப்படி 6 மி.லி.; ஒன்றிரண்டு மி.லி. கூடினால் பரவாயில்லை. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே. வெப்பமானி உள்ளேயே இருக்கட்டும், 40 டிகிரியைத் தொட்டால் நிறுத்துங்கள். ஃபியூம் ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் அடைப்பு) கட்டாயம்: எத்தனாலிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு 20 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

பியூரெட்:
டைகுரோமேட் மிச்சமா என்பதைக் கண்ணால் முடிவு செய்ய வேண்டாம், கரும்பச்சை ஆரஞ்சை மறைத்துவிடும். கரைசலில் சில சொட்டை நீர்த்த அமிலத்தில் விட்டு, குளிரவைத்து, மேலே 2 மி.லி. அமைல் ஆல்கஹால், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு. குலுக்கியதும் மேலடுக்கு நீலமானால் குரோமியம்(VI) இருக்கிறது. நீலம் சீக்கிரம் மங்கும், உடனே பாருங்கள்.

விளைச்சல் கணக்குப்படி 34 கிராம். அதில் பாதிக்கு மேல் கரைசலிலேயே தங்கக்கூடும். தட்டையான கிண்ணத்தில் தானாக வற்றவிட்டால்தான் மீதி கிடைக்கும். நல்ல படிகம் கறுப்பாகத் தெரியும், விளக்குக்கு எதிரே பிடித்தால் மெல்லிய ஓரத்தில் சிவப்பு அடிக்கும்.

சோதனைக்குழாய்:
நன்றி. அதே குரோமியம்(III) மாணிக்கத்தில் சிவப்பு, மரகதத்தில் பச்சை. அதுவும் சல்பேட் மாதிரி விவகாரமா?

எண்முகி:
இரண்டிலும் சூழ்ந்திருப்பது ஆறு ஆக்சிஜன்தான். மாணிக்கத்தின் அலுமினாவில் இடம் நெருக்கம், புலம் (ஆக்சிஜன்கள் குரோமியத்தின் எலக்ட்ரான்கள் மேல் செலுத்தும் தாக்கம்) வலுவானது. மரகதத்தின் பெரில் கனிமத்தில் சற்றுத் தளர்வு. உறிஞ்சும் ஒளிப்பட்டை அதற்கேற்ப நகர்கிறது. டைகுரோமேட்டின் ஆரஞ்சு வேறு கதை: அங்கே குரோமியத்தில் டி எலக்ட்ரானே (குரோமியம்(III)இன் நிறத்துக்குக் காரணமானவை) கிடையாது, ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரான் குரோமியத்துக்குத் தாவுவதால் வரும் நிறம்.

பியூரெட்:
கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பி.எச். 2–3இல் சோடியம் பைசல்பைட் போட்டு ஆரஞ்சை முழுக்கப் போக்குங்கள், பின் காரம் சேர்த்து 8–9க்கு ஏற்றினால் சாம்பல்பச்சை ஹைட்ராக்சைடு படியும். காரம் மிஞ்சினால் படிந்தது மறுபடி கரைந்துவிடும். வடிகட்டி, உலர்த்தி, கன உலோகக் கழிவு டப்பாவில் போடுங்கள்.