புதுப்பிப்பு: ஏடிபி சேர்க்காத குழியிலும் ஒளி ஏறுவது ஏன்?

முந்தைய இழையின் சிக்கல் இது: ஏடிபியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) பிடிக்கும் டிஎன்ஏ துண்டுதான் ஏடிபி ஆப்டமர், அதில் ஃபேம் என்ற ஒளிரும் சாயம் ஒட்டியிருக்கிறது. கிராஃபீன் ஆக்சைடு என்ற மெல்லிய கார்பன் தாளில் ஒட்டியிருக்கும்வரை அதன் ஒளி அணைந்திருக்கும், ஏடிபியைப் பிடித்தால் கழன்று ஒளிரும். ஆனாலும் சோதனைத் தட்டில் ஏடிபி இல்லாத வெற்றுக் குழியில் ஒளி மெல்ல ஏறுகிறது. முதலில் வெப்பத்தைப் பாருங்கள். சூடு ஏற ஏற டிஎன்ஏ கிராஃபீன் தாளை விட்டுக் கழலும். பல பிளேட் ரீடர்களுக்கு (தட்டின் குழிகளில் ஒளியை அளக்கும் கருவி) சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சிங்கப்பூரில் ஏர்கான் அணைந்த ஆய்வகத்தில் 25 டிகிரி என்று அமைப்பது பேருக்குத்தான். 30 டிகிரி வைத்து, தட்டை 15 நிமிடம் உள்ளேயே விட்டு அளவிடுங்கள்.

கரைசல்: 25 மில்லிமோலார் ஹெப்பிஸ் (பிஎச் மாறாமல் காக்கும் பொருள்), பிஎச் 7.6, 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு. உப்பு குறைந்தால் டிஎன்ஏ சரியாக ஒட்டாது, டிஎன்ஏ, தாள் இரண்டுக்குமே எதிர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். பிஎச் 6.5க்குக் கீழே போனால் ஃபேம் தானாகவே மங்கும்.

இன்னொரு வில்லங்கம்: 2 மில்லிமோலார் ஏடிபி சேர்த்தால் அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், உப்பு குறைந்ததுபோல் டிஎன்ஏ கழன்று, ஆப்டமர் ஏடிபியோடு இணையாமலேயே ஒளி வரலாம். அதே அளவு ஜிடிபி (ஏடிபி போன்றது, ஆனால் இந்த ஆப்டமர் பிடிக்காது) வைத்த குழி கட்டாயம் வேண்டும். அதில் ஏறும் ஒளி உங்கள் கணக்கில் சேராது. ஏடிபியின் உறவு மூலக்கூறுகளான அடினோசினையும் ஏஎம்பியையும் இந்த ஆப்டமர் பிடிக்கும், ஒப்பீட்டுக்கு அவை உதவா.

இரத்தச் சீரம் மாதிரியா? அதிலுள்ள புரதமே டிஎன்ஏவைத் தாளிலிருந்து தள்ளிவிடும். பெரிய புரதங்களைத் தடுக்கும் 10 கிலோடால்டன் வடிகட்டியில் சுழற்றி, கீழே இறங்கியதை மட்டும் எடுங்கள்.