களைக்காத காலுக்குள் என்ன இருக்கிறது? உங்கள் அனுபவங்களைப் போடுங்கள்

இரணைமடுக்காரன்:
எங்கள் கழகத்துப் பெடியன் ஒருவன் ஜிம்முக்குப் போய்த் தோளையும் கையையும் நன்றாக உருட்டி வைத்திருக்கிறான், புரத மாவும் டப்பா டப்பாவாக முடிகிறது. குளக்கட்டில் எங்களோடு 5 கிலோமீற்றர் ஓட வந்தவன் பாதியிலேயே இடுப்பில் கையை ஊன்றி நின்றுவிட்டான். வட்டக்கச்சியில் வயல் செய்கிற என் சித்தப்பா, தினமும் சைக்கிள்தான், கதைத்துக்கொண்டே ஓடி முடித்துவிட்டு அவனிடம் சொன்னார்: "தம்பி, மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிறாய், வண்டிலில பூட்டுறாய் இல்லை."

சரியான பேச்சு. பாரம் தூக்கினால் பெருப்பது பெரும்பாலும் அக்டின், மயோசின் என்ற சுருங்கும் இழைகள். நெடுநேரம் ஓடத் தேவையானவை இழைமணிக்குள் (கலத்துக்குள் ஒட்சிசனைக்கொண்டு சக்தி ஆக்கும் சிறு உறுப்பு) இருக்கும் நொதியங்கள், அதாவது வேதி வேலையை விரைவாக்கும் புரதங்கள்; அவை ஓட்டம், சைக்கிள் போன்ற நெடுநேர உழைப்பால்தான் கூடும். 1967இல் ஜோன் ஹொலொஸி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தார்: கால் தசை ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது.

முறிகண்டி அக்கா:
ஊர்க்கோழி வெட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நாள் முழுக்கக் கிளறித் திரிகிற கால் கறுத்த இறைச்சி, வேலி ஏற மட்டும் சிறகடிக்கிற நெஞ்சு வெள்ளை. அந்த நிறம் மயோகுளோபின், தசைக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் புரதம். கடையில் வாங்கும் மாட்டிறைச்சியில் வடிகிற சிவப்பு நீரும் பெரும்பாலும் அதுதான், இரத்தம் இல்லை (என் மாமியார் இன்னும் நம்பவில்லை). கடல் கடந்து பறந்து வருகிற வாத்துகளுக்கு நெஞ்சும் சிவப்பு.

மாங்குளத்தான்:
அக்கா, மயோகுளோபினை மட்டும் தூக்கிப் பிடிக்காதீர்கள். 1998இல் அது அறவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள், அவையும் மற்ற எலிகளைப் போலவே ஓடின. உடம்பு வேறு வழி பார்த்துக்கொள்கிறது. அதைவிட, உச்ச வேகத்தில் எவ்வளவு ஒட்சிசன் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதயமும் இரத்தமும்தான், கிடைத்ததை வைத்து எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பதில்தான் தசைப் புரதங்களின் கை ஓங்கும்.

என் மருமகள் பள்ளிக்கூட மரதனுக்குப் பழகினாள், மாதக்கணக்கில் ஓடியும் முன்னேற்றமே இல்லை, பயிற்சியாளர் சோம்பல் என்று ஏசினார். இரத்தம் சோதித்தால் ஈமோகுளோபின் (இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம்) குறைவு. இரும்புச்சத்து இல்லாவிட்டால் ஈமோகுளோபின் மட்டுமல்ல, மயோகுளோபினும் சக்தி ஆக்க உதவும் இழைமணியின் சைற்றோகுரோம் புரதங்களும் கூடக் குறைந்துவிடும். டொக்டர் தந்த குளிசையோடு, சோறு தின்ற கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தையும் நிறுத்தினாள், உடம்பு இரும்பை உறிஞ்சுவதைத் தேயிலை குறைத்துவிடும். இப்போது அவளுக்குக் குறை சப்பாத்து மட்டும்தான், அளவு 5இல் பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.