பப்பி லினக்ஸ்: பதிவிறக்கிய பொதிகளை எங்கே வைப்பது?

தங்கச்சிமடம் மாலை வகுப்பு:

வணக்கம். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒரு ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் பப்பி லினக்ஸின் 32 பிட் பதிப்பான பயோனிக்பப் 32 இயங்குகிறது. வன்வட்டு கிடையாது, எல்லாம் 8 ஜிபி பென் டிரைவில்தான். நாம் செய்யும் மாற்றங்களைப் பப்பி எழுதிவைக்கும் சேமிப்புக் கோப்பின் அளவு 512 எம்பி.

டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரிஸ் போன்ற பிள்ளைகளுக்கான நிரல்களின் பொதிகளை (நிறுவல் கோப்புகளை) இறக்கி ரூட் (/root) கோப்புறையிலேயே வைத்தேன். இப்போது திரையின் மூலையில் இடம் தீரப்போகிறது என்று காட்டுகிறது. எங்கள் தெருவில் இணையம் நிலையில்லை. கச்சான் காற்று வீசும் நாட்களில் மின்சாரமும் போய்ப் போய் வரும். அதனால் இறக்கிய பொதிகளை அழிக்க மனம் வரவில்லை. அக்காள்மடத்தில் இதேபோல் வகுப்பு நடத்தும் தோழிக்கும் இவை வேண்டும். எங்கே வைப்பது?

தொண்டி வாசகர்:

நிறுவி முடித்த பிறகு பொதிக் கோப்பு நிரலுக்குத் தேவைப்படாது. அழித்துவிடலாம். இடம் போதாவிட்டால் பட்டியலில் சேமிப்புக் கோப்பைப் பெரிதாக்கும் கருவி இருக்கிறது. அளவைக் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால் கூடிவிடும்.

கீழக்கரை, கணினி பழுதுபார்ப்பவர்:

டீச்சர், எதையும் அழிக்காதீர்கள். தொண்டி நண்பர் சொன்னது சரியான தகவல்தான். ஆனால் நல்ல இணையம் உள்ளவருக்கு அது பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. சேமிப்புக் கோப்பையும் இப்போதைக்குப் பெரிதாக்க வேண்டாம். அதைக் கூட்டத்தான் முடியும், பின்னால் குறைக்க முடியாது. பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

ரூட் கோப்புறையில் வைக்கும் ஒவ்வொன்றும் அந்த 512 எம்பிக்குள்தான் போய் உட்காரும். பொதி சுருக்கப்பட்ட கோப்பு. நிறுவும்போது விரிந்து இன்னும் கூடுதலான இடத்தை எடுக்கும். பொதியும் அதன் விரிவும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் எப்படிப் போதும்? இன்னொன்றும் உண்டு. பென் டிரைவிலிருந்து இயங்கும்போது பப்பி மாற்றங்களை முதலில் ரேமில் வைத்துக்கொண்டு, இடைவெளி விட்டுத்தான் சேமிப்புக் கோப்பில் எழுதும். ஆகவே ரூட்டில் இறக்கும் பொதி உங்கள் ஒரு ஜிபி ரேமையும் தின்கிறது. எழுதுவதற்குள் மின்சாரம் போனால் பொதியும் போய்விடும்.

பொதிகளுக்கு உரிய இடம் எம்என்டி கோப்புறைக்குள் இருக்கும் ஹோம் (/mnt/home). அதைத் திறந்தால் பென் டிரைவே நேரடியாகத் தெரியும். உங்கள் சேமிப்புக் கோப்பும் அங்கேதான் ஒரு கோப்பாக இருக்கும். அதன் பக்கத்தில் 'பொதிகள்-பயோனிக்-32' என்று ஒரு கோப்புறை திறந்து, ரூட்டில் இருப்பவற்றை நகலெடுக்காமல் நகர்த்துங்கள். எஸ்எஃப்எஸ் கோப்புகளும் (நிரல் முழுவதும் ஒரே சுருக்கிய கோப்பாக வருபவை) அங்கேதான் இருக்க வேண்டும். அவை நிறுவப்படுவதில்லை, இருந்த இடத்திலிருந்தே ஏற்றப்படுகின்றன. அதனால் சேமிப்புக் கோப்பின் இடத்தை அவை பிடிப்பதில்லை. பெரிய நிரல்களுக்கு எஸ்எஃப்எஸ் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கோப்புறையின் பெயரில் பதிப்பைச் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பயோனிக்பப், உபுண்டு 18.04-இன் பொதிகளை ஏற்பது. நாளை வேறு பப்பிக்கு மாறினால் இவை பொருந்தாமல் போகலாம். கலந்து கிடந்தால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. உபுண்டு 18.04-க்கான பொது ஆதரவு 2023-இல் முடிந்துவிட்டது. பழைய பதிப்பின் பொதிகள் கையில் இருப்பது நல்லது, டீச்சர்.

தங்கச்சிமடம் மாலை வகுப்பு:

நகர்த்திவிட்டேன், அண்ணன். ரூட்டில் இடம் திரும்பிவிட்டது. மிக்க நன்றி. தோழிக்கு அந்தக் கோப்புறையை அப்படியே கொடுத்தால் அவர் இணையம் இல்லாமல் நிறுவிக்கொள்ள முடியுமா?

கீழக்கரை, கணினி பழுதுபார்ப்பவர்:

சார்புப் பொதிகளும், அதாவது நிரல் இயங்கத் தேவையான மற்றப் பொதிகளும், கூட இருந்தால் முடியும். ஒரு நிரலின் பொதியை மட்டும் கொண்டுபோனால், அது கேட்கும் நூலகங்கள் இல்லாமல் திறக்கவே திறக்காது. பொதி மேலாளரில் நிறுவாமல் பதிவிறக்க மட்டும் ஒரு தேர்வு உண்டு, சார்புகளோடு சேர்த்து இறக்கவும் ஒரு தேர்வு உண்டு. இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் தனி உட்கோப்புறை வைத்து, அதன் சார்புகளை அதற்குள்ளேயே போடுங்கள். தோழி சார்புகளை முதலிலும் நிரலைக் கடைசியிலும் நிறுவட்டும். கோப்புப் பெயரில் ஐ386 (i386, 32 பிட்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்டி64 (amd64, 64 பிட்) என்று இருந்தால் அது 32 பிட் பப்பிக்கு ஆகாது.

பென் டிரைவ் ஃபேட்32 என்றால், பொதியை அதிலேயே விரித்துப் பார்க்க வேண்டாம். லினக்ஸின் கோப்பு உரிமைகளும் இணைப்புகளும் அதில் நிற்காது. மூடிய பொதியாக வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

நம் கரையில் உப்புக் காற்று பென் டிரைவின் முனைகளை அரித்துவிடும். கடைக்கு வரும் பழுதுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இன்னொரு பென் டிரைவில் ஒரு படி எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். அதில் சேமிப்புக் கோப்பின் படியும் இருக்கட்டும். ஆனால் பயன்பாட்டில் இருக்கும்போது அதை நகலெடுக்கக் கூடாது. பிஃபிக்ஸ்=ரேம் (pfix=ram) என்ற தேர்வோடு கணினியைத் தொடங்கினால் பப்பி அந்தக் கோப்பை ஏற்றாது; அப்போது எடுங்கள்.

தேவிபட்டினம், டைனி கோர் பயனர்:

டைனி கோர் என்ற இன்னொரு சிறிய லினக்ஸ் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக: அங்கே நீட்சிகள் (பப்பியின் பொதிகளைப் போன்றவை) டிசிஇ (tce) கோப்புறைக்குள் ஆப்ஷனல் என்ற உட்கோப்புறையில் சேரும். இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகும்போது நீட்சியான டிசிஇசட் (tcz) கோப்பை மட்டும் எடுக்காமல், அதே பெயரில் பக்கத்தில் இருக்கும் டெப் (dep) கோப்பையும் எம்டி5 (md5) கோப்பையும் சேர்த்து எடுங்கள். எந்தெந்த நீட்சி தேவை என்று டெப் கோப்பைப் பார்த்துத்தான் டைனி கோர் அறியும்.

தங்கச்சிமடம் மாலை வகுப்பு:

சனிக்கிழமை அக்காள்மடம் போகிறேன். சார்புகளையும் இறக்கி, இரண்டாவது பென் டிரைவில் படி எடுத்தாகிவிட்டது.