ஜாங்கோ ஆவணத் தமிழாக்கம்: பேக்டிக்கை அடுத்து உருபு வந்தால் வடிவம் உடைகிறது, எப்படித் திருத்துவது?

அல்சூர் வாசகி:

வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஞாயிறு காலைகளில் நாங்கள் ஐந்து பேர் கூடி, பைத்தான் மொழியில் வலைத்தளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ என்னும் கட்டமைப்பின் ஆவணங்களில் உள்ள தொடக்கப் பாடங்களைத் தமிழாக்கி வருகிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து இங்கே முதல் வேலைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். நிரல் எழுத நன்றாகவே தெரிந்திருந்தும், ஆங்கில ஆவணத்தின் நீண்ட பத்திகளைக் கண்டதும் அவர்கள் தயங்கி நின்றுவிடுவதை என் அலுவலகத்திலேயே பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினோம்.

மூல வாக்கியமும் அதன் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து இருக்கும் பிஓ கோப்புகளைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து நேரடியாக எழுதுகிறோம். பிறகு ஸ்பிங்ஸ் என்னும் ஆவண உருவாக்கக் கருவியைக் கொண்டு ஹெச்டிஎம்எல் பக்கங்களை உருவாக்கிப் பார்க்கிறோம். அங்கேதான் சிக்கல். சில பத்திகளில், நிரல் துண்டின் இருபுறமும் இடும் பேக்டிக் (`) குறிகள் அப்படியே திரையில் தெரிகின்றன. வேறு சில பத்திகளில் அரை வாக்கியம் முழுவதும் நிரலுக்குரிய எழுத்துருவுக்கு மாறிவிடுகிறது. முதல் வகைக்கு எச்சரிக்கை வருகிறது. இரண்டாம் வகைக்கு ஒன்றுமே வருவதில்லை. ஆங்கிலப் பக்கம் சரியாக இருக்கிறது, நாங்களும் குறிகளை எண்ணி எண்ணித்தான் இட்டிருக்கிறோம். ஓர் எடுத்துக்காட்டு (கோப்பில் ஆங்கில எழுத்தில் உள்ள பெயர்களை இங்கே தமிழில் தந்திருக்கிறேன்):

``மேனேஜ்.பை``இல் உள்ள ``மெயின்()`` என்னும் செயற்கூறு முதலில் இயங்கும்.

இதில் என்ன பிழை என்று யாராவது விளக்க முடியுமா?

ஒயிட்ஃபீல்டு ஆவணர்:

வணக்கம். நீங்கள் குறிகளை எண்ணியது சரிதான். பிழை எண்ணிக்கையில் இல்லை. மூடும் குறியை ஒட்டி வரும் ‘இ’ என்ற எழுத்தில் இருக்கிறது.

ஜாங்கோவின் ஆவணங்கள் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்னும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. பைத்தான் நிரலுக்குள் எழுதும் விளக்கங்களான ஆவணச் சரங்களுக்காக 2002இல் பைத்தானின் 287ஆம் எண் மேம்பாட்டு முன்மொழிவின் வழியே முன்வைக்கப்பட்ட குறிமொழி அது. சாதாரண உரையில் தற்செயலாக வரும் உடுக்குறியையோ (*) பேக்டிக்கையோ வடிவக் குறி என்று தவறாகக் கொள்ளக்கூடாது என்பதற்காக, அதில் ஒரு கடுமையான விதி உண்டு: மூடும் குறியை அடுத்து இடைவெளியோ நிறுத்தற்குறியோ வர வேண்டும், அல்லது பத்தி அங்கேயே முடிய வேண்டும். எழுத்து வந்தால் அது மூடும் குறியே இல்லை. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின் இடைவெளி இயல்பாகவே வந்துவிடுவதால் இந்த விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டியே வரும் என்பதால் நாம் ஒவ்வொரு வரியிலும் அதில் மோதுகிறோம். என்னுடன் வேலை செய்யும் கன்னட நண்பருக்கும் இதே தொல்லைதான்.

இப்போது உங்கள் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ‘பை’ என்பதன் பின்னுள்ள இரட்டைப் பேக்டிக்கை அடுத்து ‘இ’ இருப்பதால் கருவி அதைத் தாண்டிச் செல்கிறது. அடுத்து ‘மெயின்’ என்பதன் முன்னுள்ள இரட்டைப் பேக்டிக் வருகிறது; அதற்கு முன் இடைவெளி இருப்பதால் அதுவும் மூடும் குறி ஆகாது. கடைசியாக ‘மெயின்()’ என்பதன் பின்னுள்ள குறியை அடுத்து இடைவெளி இருக்கிறது, அங்கே போய் மூடிக்கொள்கிறது. ஆகவே ‘மேனேஜ்’ முதல் ‘மெயின்()’ வரை எல்லாமே ஒரே நிரல் துண்டாகிவிடுகிறது. திறந்த குறி ஒழுங்காக மூடப்பட்டதாகக் கருவி நினைப்பதால் எச்சரிக்கை வருவதில்லை. அதே பத்தியில் பின்னால் வேறு நிரல் துண்டு இல்லையென்றால்தான், தொடக்கக் குறிக்கு முடிவுக் குறி இல்லை என்று எச்சரித்துவிட்டு, குறிகளை அப்படியே திரையில் காட்டும். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

இதற்கான தீர்வு, மூடும் குறிக்கும் உருபுக்கும் நடுவே ஒரு பின்சாய்வும் ஓர் இடைவெளியும் இடுவது:

``மேனேஜ்.பை``\ இல் உள்ள ``மெயின்()`` என்னும் செயற்கூறு

அந்தப் பின்சாய்வும் இடைவெளியும் பக்கத்தில் தெரியமாட்டா. உருபு பெயரோடு ஒட்டியே வரும். இந்த விதியையே தளர்த்தும் ஓர் அமைப்பும் (செட்டிங்), இந்தக் குறிமொழியைப் படிக்கும் மென்பொருளான டாக்யூடில்ஸில் இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது ஆவணம் முழுவதற்கும் பொருந்தும் என்பதால், பெருக்கல் குறியாக வரும் உடுக்குறிகளைக்கூடச் சாய்வெழுத்துக்கான குறி என்று கொண்டுவிடக்கூடும்.

ஜெயநகர் முதியவர்:

அம்மா, மேலே தம்பி சொன்ன விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பின்சாய்வு கருவியின் சிக்கலைத்தான் தீர்க்கிறது, மொழியின் சிக்கல் அப்படியே நிற்கிறது. நாற்பது ஆண்டுகள் தமிழ் மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

‘பை’ என்பதோடு ‘இல்’ சேர்ந்தால் தமிழில் ‘பையில்’ என்றுதான் ஆகும். ‘பைஇல்’ என்று எழுதினால் உடம்படுமெய் இல்லாமல் இரண்டு உயிர்கள் முட்டிக்கொண்டு நிற்கும். சரி, ‘யில்’ என்றே எழுதலாம் என்றால், அந்தக் கோப்பின் பெயரை உங்கள் வாசகர் எப்படி ஒலிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒருவர் ‘பை’ என்பார், இன்னொருவர் ‘பி ஒய்’ என்று எழுத்துக்கூட்டுவார். அந்தப் பெயரோ திரையில் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ஒலி எது என்று தெரியாத சொல்லோடு உருபைச் சரியாகப் புணர்த்த முடியாது.

ஆகவே பொதுப்பெயர் ஒன்றை நடுவில் வையுங்கள்: ‘என்னும் கோப்பில்’, ‘என்னும் செயற்கூற்றை’, ‘என்னும் அமைப்புக்கு’. உருபு தமிழ்ச் சொல்லில் ஏறிக்கொள்ளும், புணர்ச்சி பிழைக்காது, பேக்டிக்கை அடுத்து இடைவெளியும் தானாகவே வந்துவிடும். அதைவிட முக்கியமாக, அந்த ஆங்கிலப் பெயர் கோப்பா, செயற்கூறா, அமைப்பா என்பது புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஒயிட்ஃபீல்டு ஆவணர்:

ஐயா சொல்வதை முழு மனத்துடன் ஏற்கிறேன், குறிப்பாகப் புணர்ச்சி பற்றிய பகுதியை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒரே பத்தியில் ஒரே கோப்பின் பெயர் ஆறு முறை வரும்போது ஆறு முறையும் ‘என்னும் கோப்பு’ என்றால் வாக்கியம் கனத்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் இணைப்புக்கோடு உதவும். மூடும் குறியை அடுத்து வரலாம் என்று விதி அனுமதிக்கும் குறிகளில் அதுவும் ஒன்று:

``மேனேஜ்.பை``-இல்

தமிழ் வாசகர்களுக்கு இணையத்தில் இந்த வடிவம் பழகியதே. முதல் முறை பொதுப்பெயர், அதே பத்தியில் அடுத்தடுத்து இணைப்புக்கோடு என்று வைத்துக்கொண்டால் பின்சாய்வே பெரும்பாலும் தேவைப்படாது.

ஓசூர் மாணவன்:

அக்கா, பின்சாய்வு தேவைப்படும் இடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பிஓ கோப்பை நேரடியாகத் திருத்தினால் ஒற்றைப் பின்சாய்வு போதாது, இரண்டு இட வேண்டும்: \\ என்று. ஏனென்றால் பிஓ வடிவத்தில் பின்சாய்வுக்கே தனிப் பொருள் உண்டு. நான் ஒன்றை மட்டும் இட்டுவிட்டு, ஏன் சரியாகவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன்.

எச்சரிக்கை வராத இடங்களைக் கண்டுபிடிக்க, உங்கள் திருத்தியில் சுருங்குறித் தேடலை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) இயக்கி இதைத் தேடுங்கள்:

``[அ-ஹ]

இரட்டைப் பேக்டிக்கை ஒட்டித் தமிழ் எழுத்து வரும் இடம் எல்லாவற்றையும் இது காட்டும். பேக்டிக்குகளுக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் உள்ள நிரல் என்பதால் தவறான பொருத்தங்கள் மிகக் குறைவாகவே வரும்.

அல்சூர் வாசகி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தம்பி தந்த தேடலை முதல் பாடத்தில் மட்டும் இயக்கினோம். 11 இடங்கள் கிடைத்தன, அவற்றில் எச்சரிக்கை வந்தவை 4 மட்டுமே. மீதி ஏழையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருப்போமா என்று தெரியவில்லை. ஐயா சொன்னபடி ஒன்பது இடங்களில் பொதுப்பெயர் சேர்த்தோம், இரண்டில் இணைப்புக்கோடு இட்டோம். திருத்திய பத்திகளைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் படிக்கக் கொடுத்தபோது, ‘என்னும் அமைப்பு’ என்று வந்த இடத்தில் நிறுத்தி, ‘இது செயற்கூறு என்று நினைத்திருந்தேன்’ என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு ஐயங்கள். வேறொரு பகுதிக்கு அனுப்பும் இணைப்புகளில் சில வேலை செய்யவில்லை. மேலும், ஆங்கில மூலத்திலேயே வடிவப் பிழை ஒன்று கண்ணில் பட்டால் நாம் என்ன செய்ய வேண்டும்?

ஒயிட்ஃபீல்டு ஆவணர்:

இணைப்புகளில் கோண அடைப்புக்குள் இருக்கும் அடையாளப் பெயரையும் யாரோ தமிழாக்கியிருப்பார்கள். அதற்கு முன்னுள்ள தலைப்பைத்தான் மொழிபெயர்க்க வேண்டும். கோண அடைப்புக்குள் இருப்பதைத் தொடக்கூடாது. கோண அடைப்பே இல்லாமல் அடையாளப் பெயர் மட்டும் இருந்தால் முழுவதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

மூலத்தில் உள்ள பிழையை மூலத்திலேயே திருத்த வேண்டும். தமிழில் மட்டும் சரிசெய்தால் மற்ற மொழிக்காரர்கள் எல்லோரும் அதே இடத்தில் இடறுவார்கள். ஜாங்கோவின் ஆவணங்கள் அதன் நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே ‘டாக்ஸ்’ என்னும் கோப்புறையில் உள்ளன. எழுத்துப் பிழை போன்ற சிறு திருத்தத்துக்கு ஜாங்கோவின் பிழைகளைப் பதியும் டிராக் தளத்தில் தனியாக முறையீடு பதிய வேண்டியதில்லை, நேராக கிட்ஹப்பில் புல் ரெக்வெஸ்ட் (திருத்தத்தை ஏற்கக் கோரும் வேண்டுகோள்) அனுப்பலாம். அனுப்பும் முன் உங்கள் கணினியில் பக்கத்தை உருவாக்கி உலாவியில் படித்துப் பாருங்கள். ஒற்றைப் பேக்டிக்கைத் தவறாக இட்டால் ஜாங்கோவின் அமைப்பே எச்சரித்துவிடும். ஆனால் பட்டியலுக்குக் கீழே உள்ள பத்தி ஓர் இடைவெளி கூடுதலாக உள்தள்ளி இருந்தால், அது ஓசையின்றி மேற்கோள் பத்தியாக மாறிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

மூல வாக்கியம் மாறியதும், கோப்பைப் புதுப்பிக்கும்போது உங்கள் தமிழ் வாக்கியம் ‘ஃபஸி’ (மறுபார்வை தேவை) என்று குறிக்கப்படலாம். அப்படிக் குறிக்கப்பட்டதை ஸ்பிங்ஸ் தன் இயல்பு அமைப்பில் பயன்படுத்தாது, அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில் தெரியும். உங்கள் மொழிபெயர்ப்பு தொலைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். வாக்கியத்தை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டு, அந்தக் குறியை நீக்கினால் தமிழ் மீண்டும் வந்துவிடும்.